மேல்காற்றும் கீழ்க்கரையும்

சனிக்கிழமை, கல்லிடைக்குறிச்சி

திருநெல்வேலியில் செங்கோட்டை ரயிலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தேன். சேரன்மகாதேவி தாண்டும்வரை வெயில்தான். அப்புறம் காற்று உள்ளே வர ஆரம்பித்தது. எதிரே இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து ஜன்னல் கதவை இறக்கிவிட்டார். கம்பி வழியே பார்த்தால் கார் பருவ நெல் நடவு முடிந்த வயல்களில் பயிரெல்லாம் கிழக்கே தலை சாய்த்துக் கிடந்தது.

ஆடி மாதம் இங்கே வருகிறவர்கள் குற்றாலத்துக்குப் போவார்கள். நான் வந்தது ஒரு குளத்தைப் பார்க்க. நண்பருக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி ஒருவர் அங்கே மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, எடுத்திருக்கிறார். 12 அடி நீளத்தில் தட்டை அடி வைத்த ஃபைபர் படகு, இரண்டு துடுப்பு, ஒரு மூங்கில் கழி. மோட்டார் கிடையாது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் இந்தப் படகு எம்மாத்திரம், எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்க ரொம்ப நாளாக ஆசை. ஒகேனக்கலிலும் மேட்டூரிலும் பரிசலில் போயிருக்கிறேன். அதெல்லாம் காற்றில்லாத நாட்கள்.

குளத்தின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "எழுதினீங்கன்னா ஊர்ப்பட்ட தூண்டில்காரங்க வந்துருவாங்க." சரி. தாமிரபரணியில் இருக்கும் எட்டு அணைக்கட்டுகளில் கன்னடியன் மூன்றாவது. அதன் கால்வாயில் தண்ணீர் பெறும் குளம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். பாபநாசம் அணையில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்திருப்பதால் ஆடியிலும் பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது.

சாயங்காலம் கரையில் ஏறி நின்றேன். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. மேற்கே பொதிகை மலை, உச்சியெல்லாம் மேகம். மலையிலிருந்து நிலம் கிழக்கே சரிந்து வருகிறது, அதனால் தண்ணீரைத் தடுக்கும் கரை கிழக்கே. கரைக்கு எதிரே மேற்கில் இருக்கும் உள்வாய்ப் பக்கம் முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர். கரையை ஒட்டி மடை இருக்கும் இடத்தில் இரண்டு ஆள் ஆழம். காற்றும் மேற்கே இருந்துதான் வருகிறது. கையை விட்டால் காற்று படகை ஆழம் இல்லாத இடத்திலிருந்து ஆழத்துக்குக் கொண்டுபோகும், கடைசியில் கரையின் உள்சரிவில் பதித்திருக்கும் கல்லில் கொண்டுபோய் அறையும். தப்பிக்க வசதியான பக்கத்தில் காற்று யாரையும் சேர்ப்பதில்லை. இந்தக் குளத்தில் படகு விடுவதற்கான பாடம் முழுக்க இந்த ஒரு அமைப்பிலிருந்து கிளம்புகிறது என்று எனக்குப் படுகிறது.

அலைக்கும் இதே கணக்கு. எவ்வளவு நீளத் தண்ணீர்மேல் காற்று ஓடி வருகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். மேற்கு ஓரத்தில் வெறும் சிலிர்ப்பு. கிழக்கே வந்து சேரும்போது ஒரு அடி, சில சமயம் ஒன்றரை அடி. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஆள் ஏறிய பிறகு அந்தப் படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு முழம்தான் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

நாலரை மணிக்கு எழுப்பிவிட்டார்கள். காற்று அடங்கியிருந்தது. இரவில் நிலம் குளிர்ந்ததும் தரையை ஒட்டிய காற்று ஓய்ந்துவிடும். வெயில் ஏறித் தரை சூடானதும் மேலே ஓடிக்கொண்டிருக்கும் காற்று கலந்து கீழே இறங்கிவிடும். அண்ணாச்சி இதை ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "எட்டு மணிக்கு மேல குளம் நம்மளுது இல்ல." அந்தியில் வலை விடுவது, விடியுமுன் எடுப்பது, இதுதான் ஆடி மாத நடைமுறை.

படகு கிடப்பது தெற்கு மூலையில், உபரி நீர் வழியும் கலிங்குக்குப் பக்கத்தில். அங்கே கரை கொஞ்சம் வளைவதால் காற்று மறைவு. மண் சரிவும் இருக்கிறது. கல் பதித்த இடத்திலிருந்து இவர்கள் படகு இறக்குவதே இல்லை.

ஏறும்போது யார் எங்கே என்பதில் அண்ணாச்சி கண்டிப்பானவர். அவருடைய மருமகன் முன்பக்கம், நான் நடுவில் தரையோடு தரையாக, அவர் பின்னால். வலைக்கூடையை முன்னே தள்ளி வைத்தார். "காத்த எதுத்துப் போகும்போது முன்னாடி கொஞ்சம் கனம் வேணும். முன்பக்கம் தூக்கிட்டு நின்னா காத்து அத ஒரு பக்கமாத் தள்ளிரும், அப்புறம் நீங்க எவ்வளவு துடுப்பு போட்டாலும் வளைஞ்சுக்கிட்டே போகும்." திரும்பும்போது இதே கூடை பின்னால் போய்விடும். காற்றோடு வரும் படகில் முன்பக்கம் கனத்தால் மூக்கு அலையில் குத்தி, பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். படகு குறுக்கே விழுந்தால் அடுத்த அலை உள்ளே.

எழுந்து நிற்கப் போனேன், போட்டோவுக்கு. "நிக்கப்படாது!" அவ்வளவுதான், மறுபடி உட்கார்ந்தாயிற்று. நிற்கிற ஆள்மேல் காற்று பிடிக்கும், படகின் கனமும் மேலே ஏறிவிடும்.

வலை என்பது தங்கூசிச் செவுள் வலை, நைலான் இழையில் மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் வகை. மேற்கு முனை ஒரு கம்பில், கிழக்கு முனை இன்னொரு கம்பில். விடும்போது மேற்கே ஆரம்பித்துக் கிழக்கே வருகிறார்கள். காற்றே படகை வலையிலிருந்து விலக்கிக்கொண்டே போகும். எடுப்பது நேர்மாறு. கிழக்கு முனையைப் பிடித்து முன்பக்கமாக ஏற்றிக்கொண்டு மேற்கே போவது. துடுப்பே தேவையில்லை, வலையை இழுக்க இழுக்கப் படகு தானாகக் காற்றுக்கு முகம் காட்டி நகர்கிறது. மேற்கு முனையிலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்டேன். "படகு வலை மேலயே ஏறி உக்காரும். அத அவுக்கத் தனியா ஒரு நாள் வேணும்," என்றான் மருமகன்.

கட்லா இரண்டு, ரோகு, நிறைய ஜிலேபி, ஒரு விரால். விராலைத் தூக்கிக் காட்டியபோது மணி ஏழு. மேற்குக் கரைப் பனைகளில் ஓலை சலசலக்க ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் கருப்பாக ஒரு திட்டு எங்களை நோக்கி ஓடிவந்தது. அதைப் பார்த்ததுமே இருவரும் பேச்சை நிறுத்திப் படகின் முகத்தை அதன் பக்கம் திருப்பினார்கள். திட்டு வந்து சேர்ந்தபோது ஒரு குலுக்கல், முடிந்தது. மலையிடுக்குகளிலிருந்து வருகிற காற்று இப்படித்தான் சீராக இல்லாமல் திடீர் திடீரென்று வரும். தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பத்துப் பதினைந்து விநாடி அவகாசம் கிடைக்கிறது.

ஒரு குறை மட்டும் சொல்லியாக வேண்டும். படகில் உயிர்காப்புச் சட்டை கிடையாது. 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை மூடி இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள். விழுந்தவன் அதைப் பிடித்துக்கொள்வானாம். காற்றில் கேன் மனிதனைவிட வேகமாக மிதந்து ஓடும் என்று சொன்னேன். அண்ணாச்சி சிரித்தார். சிரிக்கிற விஷயம் இல்லை இது.

திங்கட்கிழமை

குளத்தில் எனக்கு வேலை இல்லை. களக்காடு, வள்ளியூர் வழியாகக் கூட்டப்புளி கடற்கரைக்கு ஒரு நடை போய்வந்தேன். வழியெல்லாம் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருங்கிப் பிதுங்கி வரும் காற்றை நம்பி நட்டவை. எல்லாம் ஒரே திசையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

கடற்கரையில் வள்ளங்களை மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று பலமாக இருக்கிறது, இன்றைக்குப் பாடு இல்லை என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர். குளத்து அலையைப் பற்றிக் கேட்டதும் அவர் பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். கடலில் அலை நீளமாக வரும், படகின் முன்பக்கமான அணியம் ஏறி இறங்க நேரம் கொடுக்கும். குளத்தில் ஆழம் கம்மி, அலை குட்டையாகச் செங்குத்தாக அடுத்தடுத்து வரும், ஒன்றிலிருந்து எழுவதற்குள் அடுத்தது மண்டையில் என்றார். "நாங்க குளத்துல போகமாட்டோம் சார்." கடல்காரர் சொன்னது என்பதால் எழுதி வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை

இன்றைக்குக் காலையில் காற்று ஓயவே இல்லை. நேற்று அந்தியில் விட்ட வலை தண்ணீரிலேயே கிடக்க, அண்ணாச்சி கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி டீக்கடைக்கு நடந்தார். அவருடைய விதி எளிது: நடுக்குளத்தில் வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால் படகு இறங்காது. 1805இல் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த பியூஃபோர்ட் காற்றுக்கு ஒரு அளவுகோல் வகுத்தார். அதில் மூன்றாம் எண்ணில், மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் காற்றில், நுரை அங்கங்கே எட்டிப்பார்க்கும். நான்காம் எண்ணில், 20 முதல் 28 கிலோமீட்டரில், நுரை பரவலாகிவிடும். அண்ணாச்சி கோடு போட்டிருப்பதும் அங்கேதான். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நம் தோள்பலம் நேற்றைய அளவில்தான் இருக்கும்.

மூன்று மணிக்கு மருமகன் பைக்கில் வந்தான். "மாமா, கீழக் கம்பு பிடுங்கிட்டு. வலை மடைப் பக்கமாப் போகுது."

வலை போனால் போகட்டும் என்று விட முடியாது. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது. வலை மடைவாயில் சிக்கினால் கீழே உள்ள நடவுக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். அப்போதும் அண்ணாச்சி உடனே இறங்கவில்லை. மேற்குக் கம்பு நிற்கிறதா என்று பார்த்தார், நின்றது. வலை அதிலிருந்து கிழக்கே நீண்டு கிடந்தது, முனை மடைக்கு இன்னும் தள்ளித்தான் இருந்தது. "அஞ்சு மணிக்குக் கொஞ்சம் எறங்கும். அப்ப போவோம்." இரண்டு மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தோம். இந்தக் காத்திருப்புதான் அன்றைக்குச் செய்ததிலேயே பெரிய காரியம் என்பேன்.

ஐந்துக்குக் காற்று கொஞ்சம் தணிந்து, நுரை அங்கொன்று இங்கொன்று என்று ஆனது. நானும் ஏறப் போனேன். "நீங்க வேண்டாம். மூணாவது ஆள் ஏறுனா விளிம்பு தாழும்." எனக்குக் கரையில் ஒரு வேலை கொடுத்தார். கரைக்குக் கீழே வயலோரம் ஒற்றைப் பனை ஒன்று இருக்கிறது. வலையின் முனையும் அந்தப் பனையும் ஒரே நேர்கோட்டில் வருகிற இடமாகப் பார்த்துக் கரைமேல் சிவப்புத் துண்டோடு நிற்க வேண்டும். குளத்துக்குள்ளிருந்து பார்க்கும்போது நான் பனையை மறைத்துக்கொண்டு தெரிந்தால் படகு கோட்டில் இருக்கிறது. பனைக்கு இடமோ வலமோ விலகித் தெரிந்தால் காற்று பக்கவாட்டில் இழுக்கிறது. அசையாமல் நின்றேன்.

நேராக வலையை நோக்கி அவர்கள் போகவில்லை. தெற்குக் கரை ஓரமாக, தென்னந்தோப்பின் மறைவில், இடுப்புத் தண்ணீரில் கழி ஊன்றி மேற்கே போனார்கள். வலையின் முனையைத் தாண்டி ரொம்ப தூரம் போன பிறகுதான் குளத்துக்குள் திரும்பினார்கள். குறுக்கே வரும்போதும் படகின் முகம் வடக்கே இல்லை, வடமேற்கே. அலையை முன்பக்கத்தின் ஒரு கன்னத்தில் வாங்கிக்கொண்டு, காற்று கிழக்கே தள்ளுகிற அளவுக்கு மேற்கே குறி வைத்து, நண்டு நடப்பதுபோல் பக்கவாட்டில் வந்து சேர்ந்தார்கள். பனைக்கோட்டுக்கு வந்ததும் துண்டை ஆட்டினேன்.

அங்கே அண்ணாச்சி செய்தது அழகான வேலை. வலை முனைக்கு மேற்கே நாற்பது ஐம்பது அடி தள்ளி, முன்பக்கத்திலிருந்து நங்கூரக் கல்லை இறக்கினார். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார். படகு காற்றுக்கு முகம் காட்டியபடியே பின்னால் நகர்ந்து வலை முனையிடம் போய் நின்றது. துடுப்புப் போட்டுக்கொண்டு அந்த இடத்தில் நிற்க முயன்றிருந்தால் ஒரு கை துடுப்பில், ஒரு கை வலையில், அடுத்த நிமிஷம் கல்லில். கரையில் அடித்துத் திரும்பும் அலை வருகிற அலையோடு மோதி, தண்ணீர் தாறுமாறாகக் குதிக்கிற இடம் அங்கிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம்தான்.

மருமகன் முனையைக் கொக்கியால் எடுத்து முன்பக்கம் கொண்டுவந்தான். அண்ணாச்சி நங்கூரக் கயிற்றை இழுக்க, அவன் வலையை ஏற்ற, படகு தன்னைத்தானே மேற்கே இழுத்துக்கொண்டது. கல்லுக்கு நேர் மேலே வந்ததும் கல் சுலபமாக எழும்பிவிட்டது. அதற்கப்புறம் வலையே கயிறு, மேற்குக் கம்பே நங்கூரம்.

நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டினால் என்ன ஆகும் என்று ராத்திரி கேட்டேன். துடுப்புப் போடுகிற ஆள் உட்காரும் பக்கம், விளிம்பு தாழ்ந்த பக்கம், அலை அங்கேதான் முதலில் ஏறும். கட்டின கயிறும் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கயிற்று நீளத்துக்கும் கணக்கு வைத்திருக்கிறார். ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது விட வேண்டும். குட்டைக் கயிறு கல்லை மேல்நோக்கித் தூக்கும், நீளக் கயிறு கிடையாக இழுக்கும், கல் சேற்றில் பதியும். அவர் கயிறு 60 அடி, அந்த இடத்தில் ஆழம் 10, 11 அடி.

திரும்புவதில்தான் எனக்குக் கொஞ்சம் பதற்றமாக இருந்தது. வலை முழுக்க ஏறியிருந்தது, காற்று முதுகில். கூடையைப் பின்னால் மாற்றினார்கள். இரும்பு வாளி ஒன்றின் கைப்பிடியில் கயிறு கட்டிப் பின்னால் இழுபட விட்டார்கள். வாளி தண்ணீரில் இழுத்துப் பிடிப்பதால் பின்பக்கம் காற்றுக்கு நேராகவே நிற்கிறது, வேகமும் அடங்குகிறது. தெற்கு மூலையைக் குறி வைத்துச் சாய்வாக இறங்கி, கலிங்கின் மறைவுக்குள் நுழைந்ததும் வாளியை இழுத்துக்கொண்டு ஒரே திருப்பு. மண்ணில் தட்டி நின்றது.

துண்டு இன்னும் என் கையில் இருந்தது. "நல்லா நின்னீங்க," என்றார். அன்றைய பாராட்டு அவ்வளவுதான். வலையில் இருந்ததில் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்தது. தேறிய விராலை அவர் வீட்டில் புளிக்குழம்பு வைத்தார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்றைக்குக் கை வலிக்கிறது.

புதன்கிழமை

விடியற்காலையில் குளம் அமைதி. பின்பக்கம் என்னை உட்கார வைத்துத் துடுப்பைக் கொடுத்தார்கள். மேற்கே போய், காற்று எழுமுன் திரும்பி வந்தோம். படகு என் பேச்சைக் கேட்டது என்று சொல்ல ஆசைதான். காற்றில்லாதபோது யார் பேச்சையும் கேட்கும்.

ஐப்பசி கார்த்திகையில் கணக்கு மாறிவிடும் என்றார் அண்ணாச்சி. அப்போது வாடை. காற்று வடகிழக்கிலிருந்து வந்து படகை உள்வாய்ப் பக்கம் தள்ளும். அங்கே என்ன ஆனாலும் இறங்கி நின்றுகொள்ளலாம். ஆனால் குளம் பெருகி மறுகால் பாயத் தொடங்கினால் கலிங்குப் பக்கம் படகைக் கொண்டுபோகவே மாட்டாராம், நீர் இழுத்துக்கொண்டு போய்விடும். இப்போது மறைவு தருகிற தெற்கு மூலைதான் அப்போது ஆகாத இடம். அந்த மாதங்களில் படகைக் கட்டுவது வடக்கே, வேறொரு மடைப் பக்கம்.

பத்து மணிக்கு அவரோடு அம்பாசமுத்திரம் போனேன். நேற்றைய இழுவையில் நங்கூரக் கயிறு ஒரு இடத்தில் பிரிந்திருந்தது. அதை முடிச்சுப் போட்டு ஒப்பேற்ற அவருக்கு மனமில்லை. கடைக்காரர் 40 அடித் துண்டு ஒன்று மலிவாகத் தருகிறேன் என்றார். அண்ணாச்சி அதைக் கையில்கூட வாங்கவில்லை. புதுச் சுருளைப் பிரிக்கச் சொல்லி, முழம் போட்டுத் தானே அளந்து, 70 அடி வெட்டி வாங்கினார். பக்கத்துக் கடையில் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று விசாரித்தேன். இல்லை, தூத்துக்குடியில் கிடைக்கும் என்றார்கள். இரண்டு வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மருமகன் தனக்கு ஆரஞ்சு நிறம் வேண்டாம் என்கிறான்.